குழந்தை இருப்பதால் வீடு தர மறுக்கிறார்கள், அவசரம்

புதுசா_வந்தவள்: அமெரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது, ஹோட்டலில் இருக்கிறோம், கம்பெனி கொடுத்த நாட்கள் வெள்ளிக்கிழமையோடு முடிகின்றன. பிடித்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தபோது, "மாடி வீடு, சின்னப் பிள்ளை ஓடினால் கீழே சத்தம் கேட்கும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். இப்படிச் சொல்லலாமா? பையனுக்கு மூன்று வயது.

தஞ்சாவூர்_அண்ணா: நாங்கள் 2009-ல் வந்தபோது நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு மாதம், பிப்ரவரிக் குளிர், ஒரே ஒரு ஹீட்டர். கிரெடிட் ஸ்கோர் இல்லை என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள் தெரியுமா! முதலில் சோசியல் செக்யூரிட்டி நம்பர் (அரசு தரும் அடையாள எண்) வாங்குங்கள் தங்கச்சி.

மீனா_எடிசன்: அவர் கிரெடிட் பற்றிக் கேட்கவே இல்லையே அண்ணா. பிள்ளை இருக்கிறது என்று வீடு மறுப்பது சட்டவிரோதம். வீடு தருவதில் பாகுபாடு கூடாது என்கிற 1968 ஃபேர் ஹவுசிங் சட்டத்தின் பாதுகாப்பில், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களை 1988-ல் சேர்த்தார்கள், கர்ப்பிணிகளையும்.

வைகை: சட்டம் பேசினால் வெள்ளிக்கிழமைக்குள் வீடு கிடைக்குமா? அவர் வீடு, அவர் இஷ்டம். அடுத்ததைப் பாருங்கள்.

குமரி_முனை: நம் ஆட்களே போனில் பெயரைக் கேட்டதும் "சைவமா, எந்த ஊர், யாரு நீங்க" என்று துருவுகிறார்கள். கடல் தாண்டி வந்தும் இது விடவில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை.

மீனா_எடிசன்: உண்மைதான், ஆனால் அவருக்கு நாலு நாள்தான் இருக்கிறது. எந்த மாநிலம்? ஓனர் அதே கட்டடத்தில் குடியிருக்கிறாரா? நாலு வீட்டுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் ஓனரும் இருந்தால் இந்தச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. அப்போதும் "குழந்தைகள் வேண்டாம்" என்று விளம்பரம் போடக்கூடாது. சொன்னதை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். ஹெச்.யு.டி-யில் (மத்திய அரசின் வீட்டுவசதித் துறை) ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அது அடுத்த வாரம். இன்றே ஹெச்.ஆரிடம் ஹோட்டலை நீட்டிக்கக் கேளுங்கள், நாளைக்கு ஆஃபர் லெட்டரோடு லீசிங் ஆபீஸ் (வாடகைக்கு விடும் அலுவலகம்) உள்ள பெரிய அபார்ட்மென்ட்டுகளுக்குப் போங்கள்.

புதுசா_வந்தவள்: நியூ ஜெர்சி அக்கா. ஆறு வீடு, ஓனர் வேறு ஊரில். சொன்னது ஏஜென்ட், அதுவும் டெக்ஸ்டில். அழித்துவிட இருந்தேன்.

மீனா_எடிசன்: அழிக்காதீர்கள்! ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் ஹெச்.ஆருக்கு மெயில்.