ஜிம்மி நோலனின் 'சிக்கன் ஸ்க்ராட்ச்': மணிச்சத்தம் வருகிறது, எப்படி நிறுத்துவது?

ஆறுகம்பி:
அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி நோலனின் 'சிக்கன் ஸ்க்ராட்ச்' ரிதம் (கம்பிகளை அடக்கி 'சக் சக்' என்று அடிப்பது) பழகுகிறேன். ஈ9 கார்டை (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்து, விரலைத் தளர்த்தி அடித்தால் 'சக் சக்' வராமல் மணி மாதிரி கணகணக்கிறது. எங்கே தப்பு? 'செக்ஸ் மெஷின்' ரெக்கார்டைக் கேட்டுத்தான் பழகுகிறேன்.

தாளக்கட்டு:
7-ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டு) பிடிக்கிறீர்கள் இல்லையா? அது கம்பி நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஒரே விரல் லேசாகத் தொட்டால் ஹார்மோனிக் (மணி போன்ற மேல்சுரம்) பிறக்கத்தான் செய்யும். 5-ஆம் கம்பி 7-இல் நடுவிரல், 4-ஆம் கம்பி 6-இல் ஆள்காட்டி, 3, 2, 1 கம்பிகளுக்கு 7-இல் மோதிர விரல் பாரே (ஒரே விரலைப் படுக்க வைத்துப் பல கம்பிகளை அழுத்துவது). தளர்த்தும்போது சுண்டு விரலையும் பக்கத்தில் படுக்க வையுங்கள். கம்பியை இரண்டு இடத்தில் தொட்டால் மணி அடங்கிவிடும். 6-ஆம் கம்பியை நடுவிரல் நுனியால் தொட்டு அடக்குங்கள்.

வலக்கை நிற்கவே கூடாது. பீட்டுக்கு நான்கு அடி, மேலும் கீழுமாக. மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 பீட்டில் தொடங்கலாம். எந்த அடி ஒலிக்கணும் என்பதை இடக்கைதான் தீர்மானிக்கும். இடக்கை தளரும்போது வலக்கையும் சேர்ந்து தயங்குவதால்தான் பலருக்குத் தாளம் ஆடுகிறது.

பழையதட்டு:
நண்பரே, அந்த 'செக்ஸ் மெஷின்' ரெக்கார்டில் நோலன் வாசிக்கவே இல்லை! 1970 மார்ச்சில் பிரவுனின் குழு மொத்தமாக விலகியது, நோலனும் போய்விட்டார். அதில் கேட்பது கேட்ஃபிஷ் காலின்ஸின் கிட்டார். பேஸ் கிட்டார் அவர் தம்பி பூட்ஸி.

நோலன் 1934-இல் ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தவர். டி-போன் வாக்கரின் ப்ளூஸில் ஊறியவர், பிரவுனிடம் வருமுன் ஜானி ஓட்டிஸ் குழுவில் வாசித்தார். 1965-இல் பிரவுனிடம் சேர்ந்தார். 1970-களின் தொடக்கத்திலேயே திரும்பி வந்து, 1983 டிசம்பரில் மாரடைப்பால் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வயது 49தான்.

'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' (1965), 'கோல்ட் ஸ்வெட்' (1967) இரண்டையும் கேளுங்கள். முதல் பாட்டின் கிட்டார் பிரேக்கில் (கிட்டார் தனித்து ஒலிக்கும் இடம்) 'சக் சக்' கிடையாது, முழுக் கார்டையும் விடாமல் அடிக்கிறார். அந்த ரெக்கார்டை வேகம் கூட்டி வெளியிட்டார்கள், அதனால் சுருதியும் ஏறிவிட்டது. கூடவே வாசிக்கும்போது சுருதி ஒட்டாவிட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

தாளக்கட்டு:
ஆமாம், 'கோல்ட் ஸ்வெட்'தான் சரியான பாடம். ஆம்பில் (ஒலிபெருக்கி) டிஸ்டார்ஷன் (கரகரப்பூட்டல்) வேண்டாம், அடக்கிய கம்பியின் உரசல் எல்லாம் பெரிதாகிக் கார்டை மூடிவிடும். மெல்லிய பிக் (கம்பியை மீட்டும் தகடு) போதும்.