பச்சை மிளகாய் வோட்காவும் தலை தீபாவளி மாப்பிள்ளையும்

நெல்லைக்காரன்:
வீட்டில் காக்டெயில் கலக்கிச் சொதப்பியவர்கள், தேறியவர்கள் எல்லாரும் வாருங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

பெங்களூரில் இருக்கிறேன். போன வருடம் தலை தீபாவளியை ஊரில் முடித்துக்கொண்டு தங்கையும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்கு வந்தார்கள். வருமுன்பே அரை பாட்டில் வோட்காவில் ஆறு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு வைத்திருந்தேன். ஊறுகாய் போடுகிற குடும்பம் அல்லவா, நாலு நாளாவது ஊறினால்தான் ருசி இறங்கும் என்று நினைப்பு. மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ஐஸ் எல்லாம் சேர்த்துக் குலுக்கி மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

ஒரு வாய்தான். மனிதர் பேசவில்லை, காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. தங்கை தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வாய் திறந்தார். "என்ன மச்சான், என் மேல ஏதும் கோபமா?"

விஷயம் இதுதான். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். எண்ணெயில் ஊறும் மிளகாய்க் கணக்கை இங்கே போடக்கூடாது. இப்போது ஒரே மிளகாய், விதை எடுத்து, ஒரு மணி நேரம். நடுநடுவே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பழைய பாட்டிலையும் கொட்ட மனசில்லை. கிளாஸுக்கு நாலு சொட்டு, மருந்து மாதிரி.

கருப்பட்டி மட்டும் காலை வாரவில்லை. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, அதே எடை தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும் (வடிகட்டாவிட்டால் அடியில் மண் நறநறக்கும்). 60 மில்லி விஸ்கிக்கு அந்தப் பாகு ஒரு சின்ன ஸ்பூன், பிட்டர்ஸ் (மூலிகை ஊறிய கசப்புச் சாராயம்) இரண்டு சொட்டு, பெரிய ஐஸ் கட்டி ஒன்று, மேலே ஆரஞ்சுத் தோலை ஒரு பிழி. இதையே சர்க்கரை போட்டுச் செய்கிற ஓல்டு ஃபேஷன்ட் என்ற காக்டெயில் அதன் பிறகு எனக்குச் சப்பென்று இருக்கிறது. இரண்டாவது ஸ்பூன் மட்டும் வேண்டாம், விஸ்கி காணாமல் போய்விடும்.

தேத்தண்ணி:
அண்ணை, உங்கட மாப்பிள்ளை பாவம்! நான் டொராண்டோவில் இருக்கிறேன். தென்னஞ்சாராயத்தில் சாயத் தேத்தண்ணியும் தேசிக்காய்ச் சாறும் சீனியும் கலந்தேன். தேயிலை கூடிப்போய் வாயெல்லாம் கயர்த்தது. பால் விட்டால் சரிவரும் என்று விட்டேன். உடனே திரைந்து போனது. மனுசன் "ஊத்து வெளியில" என்றார். விலை தெரிந்தவள் நான், ஊற்றுவேனா? பழைய வேட்டித் துணியில் வடித்தேன். முதலில் கலங்கல். துணியில் தங்கின பால் திரளுக்கு மேலேயே திரும்ப ஊற்ற, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி போல இறங்கியது. கயர்ப்பும் போய்விட்டது, தேயிலைச் சாயத்தைப் பாலின் புரதம் பிடித்து இழுத்துவிடுமாம்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததாக இரண்டு நாள் பெருமை. பார்த்தால் மில்க் பஞ்ச் என்று பெயரே இருக்கிறது, அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1763இலேயே கடிதத்தில் செய்முறை எழுதியிருக்கிறார். இப்போது பாலை முதலில் விட்டு, அதன்மேல் கலவையை மெதுவாக ஊற்றுகிறேன். அப்படிச் செய்தால் இன்னும் தெளிவாக வருகிறது.

தூக்குவாளி:
ஷேக்கருக்கு நான் எங்கே போக? மூடி போட்ட எவர்சில்வர் தூக்குதான். ஜின், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, அதோடு சோடாவையும் ஊற்றிக் குலுக்கினேன். மூடி ஃபேனில் பட்டுத் திரும்பி வந்தது. சோடாவைக் கடைசியில் கிளாஸில்தான் விட வேண்டும் என்று வீட்டுக்காரி இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறாள்.

நெல்லைக்காரன்:
@தேத்தண்ணி, வேட்டி ஐடியா அருமை, இந்த வாரமே வடிக்கிறேன். பொங்கலுக்கு மாப்பிள்ளை வருகிறார். தனக்கு மோர் போதும் என்று தங்கையிடம் இப்போதே சொல்லி அனுப்பிவிட்டார். அதிலும் மிளகாய் கிள்ளிப் போடக்கூடாதாம்.