மோர்ஸ் கேட்கும் பழைய ஃபில்டர் பெட்டிகள்: உங்களுக்கு நடந்தது என்ன?

கிளிநொச்சியிலிருந்து:
வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஓட்டெக் கியூஎஃப்-1ஏ ஒன்று கொண்டுவந்து தந்தார். றேடியோவில் மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக வரும் தந்தி ஒலி, கேட்கும்போது றேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்கிற பெட்டி. வேண்டிய சுருதியைத் தூக்கிக் காட்டும், வேண்டாத விசிலை வெட்டும். அது 115 வோல்ட்டுக்குச் செய்தது. பின்பக்கம் பார்க்காமல் எங்கள் 230இல் செருகிவிட்டேன். வார்னிஷ் கருகுகிற மணம் வந்ததும் நிறுத்தினேன். ஆனால் ஹெட்போனில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அப்பாடா, தப்பிவிட்டது என்று நினைத்தேன். நிறுத்தி வைத்தால் ஒலி ஃபில்டருக்குள் போகாமல் நேரே வந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது!

போனது டிரான்ஸ்போமர் மட்டும்தான், மாற்றியாயிற்று. அடுத்த தலையிடி மின்சார யானை வேலி. காணிக்குப் பின்னால் அது துடிக்கும்போதெல்லாம், செக்கனுக்கு ஒருதரம் ஹெட்போனில் 'டிக்'. ஒரேயொரு சுருதியை மட்டும் விடும்படி ஃபில்டரை ஆக ஒடுக்கமாகத் திருகினால் அந்த டிக், 'டொய்ங்' என்று இழுபடும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெக்கன்தான்; புள்ளியும் இடைவெளியும் ஒட்டிக்கொண்டன. குமிழைப் பாதிக்குத் திருப்பிய பிறகே எழுத்து பிரிந்தது.

முல்லைத்தீவிலிருந்து:
அண்ணை, டிக்கை ஃபில்டருக்கு முன்னாலேயே வெட்டுங்கோ. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் இரண்டை எதிரெதிராகத் திருப்பி, உள்ளே வருகிற வயருக்குக் குறுக்கே போட்டால் சரி. ஐப்பசி மின்னல் றேடியோவில் போடுகிற படபடப்புக்கும் நான் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

என்னுடைய ஃபில்டரில் ஐசியே (சில்லு) இல்லை. தொலைபேசிக் கம்பிகளுக்குப் போடுகிற 88 மில்லிஹென்றி வளையச் சுருளும் 0.6 மைக்ரோபரட் கெபாசிட்டரும்தான். 690 ஹேர்ட்ஸ் பக்கம் பிடிக்கும், பற்றரியும் வேண்டாம். முதலில் 8 ஓம் ஹெட்போனை நேரே மாட்டிவிட்டு, ஒரு சுருதியைப் பிரித்தெடுக்கிற கூர்மையே இல்லை என்று சுருளைத் திட்டினேன். பிழை ஹெட்போனின் குறைந்த ஓமில்தான். பழைய டிரான்சிஸ்டர் றேடியோவில் கழற்றிய அவுட்புட் டிரான்ஸ்போமரை நடுவில் போட்டதும் சுருள் தன் குணத்தைக் காட்டியது.

மல்லாவியிலிருந்து:
நான் தொட்டுப் பார்த்தது எஃப்எல்-8 என்கிற ஃபில்டர் பெட்டி. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானங்களில், பேச்சையும் 1020 ஹேர்ட்ஸ் வழிகாட்டும் ஒலியையும் பிரிக்க வைத்தது. போருக்குப் பிறகு பொழுதுபோக்காக றேடியோ இயக்கும் அமெச்சூர்காரர் மோர்ஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். சுருதி மாற்ற முடியாது, றேடியோவைத்தான் அதற்கு ஏற்றமாதிரித் திருக வேண்டும். என் காதுக்கு 1020 கொஞ்சம் கீச்சு. தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காது இது. மிதிக்கிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும்.

கிளிநொச்சியிலிருந்து:
தம்பி, டயோட் போட்டாச்சு. டொய்ங் போய்விட்டது, டிக் மெல்லத்தான் கேட்கிறது. யானை மட்டும் நேற்றும் வந்தது.