மொரிஸ் மைனர் 1000: ஹெட்லைட் மங்கல், எச்4 போடலாமா?

அக்கரைப்பற்று_மைனர்:
கார் பழைய டைனமோவோடதான் ஓடுது, பாசிட்டிவ் எர்த் (பற்றரியின் பிளஸ் முனை பொடியில்). லைட் 7 அங்குல சீல்ட் பீம் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடினது). கல்முனை தாண்டி மட்டக்களப்புப் பக்கம் இரவில் வந்தால் ரோட்டோர மாடுகூடக் கிட்ட வந்த பிறகுதான் தெரியுது. பல்பை மட்டும் மாற்றக்கூடிய எச்4 கூட்டில் 100/90 வாட்ஸ் (ஹை/டிம்) ஹலோஜன் பல்ப் போடலாமா, எல்இடி போடலாமா?

கல்லடி_வயரிங்:
பல்ப் வாங்க முதல் மீட்டரை எடுங்க. எஞ்சினைக் கொஞ்சம் ரேஸில் வைத்து, லைட்டைப் போட்டு, பற்றரியில் ஒருக்கா, பல்பின் முனைகளில் ஒருக்கா வோல்டேஜ் பாருங்க. வித்தியாசம் அரை வோல்டுக்கு மேலே என்றால் குறை வயரிங்கில். பல்புக்கு 10.5 வோல்ட்தான் போகுது என்றால், 12 வோல்டில் வரவேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை.

நம்ம கடல் காற்றுக்கு புல்லட் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துத்தான் இருக்கும். வெட்டிப் புதிசு அடித்து வஸ்லின் பூசுங்க. ஒவ்வொரு லைட்டிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டின தகரத்தில் இறுக்குங்க. பாதிப் பேருக்கு இதோடயே வெளிச்சம் வந்திரும்.

100/90 வேண்டவே வேண்டாம். சி40 டைனமோ உச்சத்தில் தருவது 22 அம்பியர். 60/55 பல்பில் டிம் மட்டும் 9 அம்பியர். பார்க் லைட், கொயில், மாரியில் வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 17, 18 ஆகிரும். ஐட்லிங்கில் டைனமோ அனேகமாக ஒன்றும் தராது.

அக்கரைப்பற்று_மைனர்:
நன்றி அண்ணன். அப்ப 60/55 போடுறன். சுவிட்சுக்குப் பாரம் வராமல் ரிலே (சின்ன கரன்டால் பெரிய கரன்டைப் போடுற சுவிட்ச்) வைக்கவும் யோசிக்கிறன், பாசிட்டிவ் எர்த்துக்குச் சரிவருமா?

கல்லடி_வயரிங்:
வரும் தம்பி. முதல் பற்றரியைக் கழற்றுங்க. 30 அம்பியர் நாலு முனை ரிலே இரண்டு, 15 அம்பியர் பியூஸ் ரிலேக்கு ஒன்று. ஒரே பியூஸில் இரண்டையும் கொடுத்தால், அது போகிற நேரம் முழு இருட்டு.

டிப் சுவிட்சிலிருந்து வரும் நீலத்தில் சிவப்புக் கோடு டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை. அவற்றை ரிலேக்களில் 85 என்று எண் போட்ட முனைக்குக் கொடுங்க, 86 எர்த்துக்கு. உள்ளே டயோட் உள்ள ரிலே கிடைத்தாலும் இப்படிக் கொடுத்தால் பழுதாகாது. மாற்றினால் டயோட் ஷோர்ட் ஆகும். 87 பல்புக்கு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்.

30க்கு வரும் கரன்டைப் பற்றரியில் நேரே எடுக்காதீங்க. டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்துற கண்ட்ரோல் பாக்ஸின் ஏ1 முனையில் எடுங்க. பற்றரிப் பக்கம் எடுத்தால், லைட் இழுக்கிறதையும் சார்ஜ் கரன்ட் என்று கணக்கெடுத்து கண்ட்ரோல் பாக்ஸ் வோல்டேஜை இறக்கிரும். பியூஸ் பெட்டியிலும் ஏ1 என்று ஒரு முனை இருக்கு, அது வேற.

அம்பாறை_கராஜ்:
எல்இடியை விடுங்க. சாதாரண எச்4 எல்இடி நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது, உங்கட வண்டியில் எரியாது, பழுதாகவும் கூடும். ஹலோஜனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியில் விரல் படாமல் பூட்டினால் போதும்.

கூடு வாங்கும்போது இடப்பக்கம் ஓடுற நாட்டுக்குரியதா என்று பாருங்க. சுவருக்கு முன்னால் டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்பக்கம் ஏறவேணும். வலப்பக்கம் ஏறினால் எதிரே வாறவரின் கண்ணில்தான் அடிக்கும். 7.5 மீற்றர் தள்ளி நிறுத்தி, அந்த விளிம்பின் தட்டையான பகுதி லைட்டின் நடுவை விட 7, 8 சென்ரிமீற்றர் கீழே வர மேல் ஸ்குரூவைத் திருப்புங்க. பக்கத்து ஸ்குரூ இடம் வலத்துக்கு. வழக்கமாகப் பின்சீற்றில் ஆள் ஏறுற வண்டி என்றால், ஆளை இருத்தி வைத்தே செற் பண்ணுங்க. பின்பக்கம் பணிந்தால் லைட் மேலே தூக்கும்.