கலைச்சொல்: ‘ஊ வெய்’ – செயலின்மை சரிதானா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சீன மெய்யியல் சொற்பட்டியலில் ‘ஊ வெய்’ என்பதற்கு நேரே ‘செயலின்மை’ என்று எழுதி வைத்திருக்கிறோம். ‘ஊ’ என்றால் இல்லாமை, ‘வெய்’ என்றால் செய்தல் அல்லது ஆக்குதல். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழை இல்லை. (ரோமன் எழுத்தில் முன்னால் டபிள்யூ இருந்தாலும் மாண்டரின் ஒலிப்பில் காதில் விழுவது ‘ஊ’தான். ‘வூ’ வேண்டாம்.)

ஆனால் ‘செயலின்மை’ என்றதும் நமக்குத் தோன்றுவது முடக்கமும் சோம்பலும். மூலமோ வேறு சொல்கிறது. லாவோட்சு இயற்றியதாகச் சொல்லப்படும் தாவோயிய மூலநூலான தாவோ தே ஜிங்கின் 64ஆம் இயலை எடுத்துக்கொள்ளுங்கள். செய்பவன் கெடுக்கிறான், பற்றுபவன் இழக்கிறான் என்கிறது. சான்றோன் பொருள்களின் தன்னியல்புக்குத் துணை நிற்கிறான், செய்யத் துணிவதில்லை என்றும் சொல்கிறது. துணை நிற்பதும் ஒரு செயல்தானே? அதே இயலின் தொடக்கத்தில், குழப்பம் வருமுன்பே ஒழுங்குபடுத்து என்ற அறிவுரையும் இருக்கிறது. முடங்கிக் கிடப்பவரால் அது முடியாது.

வேறு சொல் தேட வேண்டும். கருத்துச் சொல்லுங்கள்.

---

> வேறு சொல் தேட வேண்டும்.

தேடவே வேண்டாம் என்று நினைக்கிறேன். ‘சும்மா இருத்தல்’ நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன ‘சும்மா இரு’, சும்மா இருக்கும் திறம் அரிது என்று தாயுமானவர் பாடியது, இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. சோம்பல் என்ற பொருளைத் தாண்டிய ஆழம் அந்தச் சொல்லுக்கு முன்பே வாய்த்துவிட்டது. அது பேச்சுவழக்காகத் தெரிந்தால் ‘வினையின்மை’ என்று வைக்கலாம்.

---

ஐயா, ‘சும்மா இருத்தல்’ அழகான சொல், அதனாலேயே அதைத் தொட வேண்டாம் என்கிறேன். அங்கே அடங்குவது சொல்லும் சிந்தையும். அது அருளை வாங்கும் நிலை. லாவோட்சுவின் ஊ வெய் பெரும்பாலும் ஆளுபவனிடம் சொல்லப்படுவது. 57ஆம் இயலில் தடைகள் பெருகினால் மக்கள் ஏழையாவர், சட்டங்கள் பெருகினால் கள்வர் பெருகுவர் என்று சொல்லிவிட்டு, ‘நான் ஊ வெய்யில் இருக்கிறேன், மக்கள் தாமே மாறுகிறார்கள்’ என்று வருகிறது. இங்கே பேச்சு தடை, சட்டம், படை பற்றியது. முருகன் சொன்ன சொல்லை இங்கே வைத்தால் இரண்டு மரபுமே மங்கும்.

60ஆம் இயலின் சிறுமீன் உவமையையும் பாருங்கள். பெரிய நாட்டை ஆளுவது சிறுமீன் சமைப்பது போல என்பது மூலம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் சட்டவாதச் சிந்தனையாளர் ஹான் ஃபெய்யின் நூலில் இதற்கு உரை இருக்கிறது: சிறுமீனை அடிக்கடி கிளறினால் அதன் மெருகு கெடும், சட்டத்தை அடிக்கடி மாற்றினால் மக்கள் துன்புறுவர். அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. கரண்டியை அடிக்கடி போடாதே என்கிறார்கள். சமையல் நடக்கிறது, தீயும் எரிகிறது. நம் சொல் இதைக் காட்ட வேண்டும்.

‘வினையின்மை’யில் வேறு சிக்கல். தமிழில் வினை என்றால் கன்மம், ஆகவே ‘வினை நீங்கிய நிலை’ என்று படிக்கப்படும். போதாக்குறைக்கு, பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘அசம்ஸ்கிருதம்’ என்ற வடசொல்லுக்கு இதே ஊ வெய்யைத்தான் எடுத்தார்கள். காரணங்களால் ஆக்கப்படாதது என்பது அதன் பொருள். அதைப் பட்டியலில் தனிப் பதிவாக வைத்து ‘ஆக்கப்படாமை’ என்று எழுதலாம். தாவோயியப் பொருளோடு கலக்கக் கூடாது.

---

மேலே சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். என் முன்மொழிவு: வலிந்துசெய்யாமை.

‘வலிந்து பொருள் கொள்ளுதல்’, ‘வலிந்து போய்ப் பேசுதல்’ என்றெல்லாம் அன்றாடம் சொல்கிறோம். பொருள் விளக்கம் இல்லாமலே புரியும். ‘வலியாமை’ என்று சுருக்கினால் நோவு இல்லாமை ஆகிவிடும், ஆகவே சுருக்க வேண்டாம். ‘முயலாமை’யும் ஆகாது. முயற்றின்மை இன்மை புகுத்திவிடும் என்ற குறளைப் படித்த காதுக்கு அது பழியாகவே கேட்கும்.

ஒரு கலைச்சொல்லை ஏற்குமுன் எது அதற்குள் வரும், எது வராது என்று சோதிக்க வேண்டும். கன்பூசிய அறிஞர் மென்சியஸ் சொன்ன சோங் நாட்டு உழவன் இதற்கு நல்ல அளவுகோல். நாற்று வளரவில்லை என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டான், எல்லாம் வாடிப்போயின. மென்சியஸ் அங்கே இரண்டு பிழைகளைச் சொல்கிறார்: பயனில்லை என்று விட்டுவிடுபவன் களை எடுக்காதவன், வளர உதவுகிறேன் என்பவன் நாற்றை இழுப்பவன். ‘செயலின்மை’ என்று வைத்தால் களை எடுக்காதவனும் உள்ளே வந்துவிடுவான். ‘வலிந்துசெய்யாமை’ இழுப்பவனை வெளியே நிறுத்துகிறது, களை எடுப்பவனைத் தடுக்கவில்லை.

இரண்டாவது சோதனை சுவாங்ட்சு 3ஆம் இயலில் மாடு அறுக்கும் சமையற்காரர் திங். (சுவாங்ட்சு இன்னொரு தாவோயிய மூலநூல்.) சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், ஓங்கி வெட்டுவதால். நல்லவர் ஆண்டுக்கு ஒன்று, அறுப்பதால். திங்கின் கத்திக்கு 19 ஆண்டு ஆகியும் விளிம்பு சாணையில் இருந்து வந்தது போல இருக்கிறது. காரணம் எளிது. மூட்டுகளில் இடைவெளி உண்டு, கத்தி விளிம்புக்குத் தடிப்பு இல்லை. தடிப்பில்லாததை இடைவெளியில் செலுத்தினால் எலும்பில் முட்டாது. பலர் இங்கேயே நிறுத்திவிட்டு ‘தானாக நடக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது பெரிய பிழை. நரம்பும் தசையும் பின்னிக்கிடக்கும் இடம் வந்தால் திங் எச்சரிக்கை ஆகிறார், பார்வையை அங்கேயே நிலைநிறுத்துகிறார், கையை மெதுவாக்கிக் கத்தியை மிகச் சிறிதே நகர்த்துகிறார். கவனம் அங்கே கூடுகிறது, குறைவது கைவலு மட்டும். வாழ்க்கைக்கு இதை எடுப்பவர்கள் விட்டுவிடும் பகுதி இதுதான் என்பதால் இவ்வளவு எழுதுகிறேன்.

---

> இரண்டாவது சோதனை சுவாங்ட்சு 3ஆம் இயலில் மாடு அறுக்கும் சமையற்காரர் திங்.

அந்தக் கதையில் ‘ஊ வெய்’ என்ற சொல்லே வருவதில்லை, நாற்று இழுத்தவன் கதையிலும் இல்லை. பொருளை விளக்க எடுக்கலாம், சான்றாகக் காட்டக் கூடாது.

என் தயக்கம் வேறு. ‘வலிந்து’ நம் விளக்கம், மூலத்தில் இல்லை. 63ஆம் இயல் ‘ஊ வெய்யைச் செய், அலுவலின்மையை அலுவலாகக் கொள், சுவையின்மையைச் சுவை’ என்று முரணை முகத்துக்கு நேரே வைக்கிறது. 48ஆம் இயலும் அப்படித்தான்: கற்பவன் நாள்தோறும் கூட்டுகிறான், தாவோ (நெறி) வழிச் செல்பவன் நாள்தோறும் குறைக்கிறான், குறைத்துக் குறைத்து ஊ வெய்யை அடைகிறான், பிறகு செய்யப்படாதது எதுவும் இல்லை. கடைசி அடி இதே சொல்லை இரட்டை எதிர்மறையாகத் திருப்புகிறது. 1993இல் சீனாவின் குவோதியனில் கிடைத்த மூங்கில் சுவடிகளிலும் அந்த அடி இருக்கிறது, பிற்காலத்தார் சேர்த்தது அன்று. ‘வலிந்துசெய்யாமை’ என்று போட்டால் அந்த முரண் கரைந்து வெறும் அறிவுரை ஆகிவிடும்.

ஹான் ஃபெய்யின் அரசனும் இடிக்கிறான். தன் விருப்பத்தை வெளிக்காட்டினால் அமைச்சர்கள் அதற்கேற்ப வேடம் போடுவார்கள் என்பதால் அவன் ஒதுங்கி அமர்கிறான். அது ஆட்சித் தந்திரம். ‘வலிந்து’ அங்கே பொருந்தாது.

---

இரண்டு தடைகளும் சரியானவை. மொழிபெயர்ப்பில் மூல அடிகளுக்கு வெறும் ‘செய்யாமை’யே போதும்: ‘செய்யாமை, செய்யாதது ஒன்றும் இல்லை’. காதிலும் நன்றாக நிற்கிறது. ‘செயலின்மை’ ஒரு நிலைமையைச் சொல்கிறது. ‘செய்யாமை’யில் செய்யக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், கையை நிறுத்திக்கொள்கிறார். கட்டுரையிலும் பாடநூலிலும் ‘வலிந்துசெய்யாமை’. பட்டியலுக்கு இப்படி ஒரு வரைவு:

ஊ வெய்: 1. (தாவோயியம்) வலிந்துசெய்யாமை, மூல அடிகளில் செய்யாமை. பொருள்களின் தன்னியல்புக்கு மாறாகத் திணிக்காமல், உரிய இடத்தில் உரிய அளவே செயல்படுதல். சோம்பல், கைவிடுதல் அன்று. 2. (ஹான் ஃபெய்) அரசன் தன் விருப்பை மறைத்து ஒதுங்கி நிற்றல், செய்யாமை. 3. (சீன பௌத்தம்) ஆக்கப்படாமை.

‘தன்னியல்பு’ என்ற சொல்லை ‘த்சு-ரான்’ (தானாகவே அப்படி இருத்தல்) என்ற சீனச் சொல்லுக்காக ஒதுக்கிவிட்டேன். மேலே உள்ள வரைவிலும் அதே பொருளில்தான் வருகிறது. அதை வேறு எந்தச் சொல்லுக்கும் நேர்ச்சொல்லாக யாரும் பயன்படுத்த வேண்டாம்.