புதுப்பிப்பு: மார்க்கான்சியா ஜெம்மா முளைத்துவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. கேள்வியைத் தெரியாதவர்களுக்கு: ஏ/எல் (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்குக் காட்ட மலைநாட்டு நுவரெலியாவில் இருந்து ஒரு துண்டு மார்க்கான்சியா (ஈரத்தில் தட்டுத் தட்டாகப் படரும், பாசி மாதிரியான சிறு தாவரம்) கொண்டுவந்தேன், தட்டின் மேலுள்ள சிறு கிண்ணத்தில் இருந்த ஜெம்மாக்களை (புதிய தாவரமாக முளைக்கும் பச்சைத் துணுக்குகள்) எங்கள் செம்மண்ணில் தூவினால் இரண்டே நாளில் கருகின. எதில் முளைக்க வைக்கலாம் என்று கேட்டிருந்தேன்.

பலர் சொன்ன தென்னந்தும்புத்தூள் எனக்குப் பூஞ்சணம் பிடித்துப் போனது. வேலை செய்தது செங்கட்டி யோசனைதான்: உடைந்த செங்கட்டியை மழைத்தண்ணீரில் ஊறவைத்து, ஜெம்மாக்களை அதன்மேல் தூவி, மூடியுள்ள ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, வெயில் நேரே படாத யன்னலடியில் விட்டேன். மூன்றாம் நாள் கைவில்லையால் பார்த்தால், கடுகிலும் சிறிய அந்த ஜெம்மாக்களின் அடியில் பஞ்சு நூல் மாதிரி வேர்ப்போலிகள் (வேர் போலப் பற்றிக்கொள்ளும் இழைகள்). ஒரு மாதம் கழித்துப் புதிய தட்டிலேயே குட்டிக் கிண்ணம் வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. துளிசொட்டியால் கிண்ணத்துக்குள் தண்ணீர் விட்டபோது ஜெம்மாக்கள் தெறித்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டன, மழைத்துளி செய்யும் வேலையே அதுதானே, ஆனால் கண்ணால் பார்க்கிறபோது வேறு. தாய்த் தட்டின் கிண்ணத்துக்குள் இருக்கும்வரை அவை முளைக்கவில்லை என்பதையும் பிள்ளைகளே கவனித்தார்கள்.

அப்புறம், ஆணும் பெண்ணும் சேர்ந்து நடக்கும் இனப்பெருக்கத்தையும் காட்டலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. மார்க்கான்சியாவில் ஆணும் பெண்ணும் தனித்தனித் தாவரம், என்னிடம் உள்ளதெல்லாம் ஒரே துண்டின் நகல்கள். இன்னொரு பாலுக்கு மறுபடி மலை ஏற வேண்டும்.