புதுப்பிப்பு: வீட்டிலேயே ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம், இரண்டாவது குழந்தைக்கு முன் நானும் கணவரும் வீட்டிலேயே ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாமா, அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேச்சை எடுத்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் மேல சந்தேகமா?"

"இல்லைங்க, முதல்ல நான்தான் செய்துக்கப் போறேன்" என்றேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவரே மருந்துக்கடையில் இரண்டு பரிசோதனைப் பெட்டி வாங்கி வந்தார்.

திறப்பதற்கு முன் ஒன்று முடிவு செய்தோம்: யாருக்கு இரண்டு கோடு (தொற்று இருக்கலாம் என்று அர்த்தம்) வந்தாலும் மறுநாள் சேர்ந்தே கிளினிக் போவது. அது இறுதி முடிவல்ல, அங்கே உறுதிசெய்ய வேண்டும். உறுதியானாலும் அரசு கிளினிக்கில் மருந்து இலவசம். இதைப் பேசி முடித்தபோதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

சரி, குச்சியால் மேல் ஈறு, கீழ் ஈறு இரண்டிலும் ஒரே ஒரு முறை தடவி, பெட்டியில் இருந்த திரவக் குப்பியில் நிறுத்தினோம். 20 நிமிடம் கழித்துப் பார்க்கணும், 40 தாண்டக் கூடாது. அதுவரை அவர் என் கையை விடவே இல்லை.

இருவருக்கும் 'சி' பக்கத்தில் மட்டும் ஒரு கோடு. அதாவது தொற்று தெரியவில்லை.

ஆனால் கடைசி மூன்று மாதத்தில் தொற்றியிருந்தால் இதில் தெரியாமல் போகலாம். இரண்டு மாதம் முன் வேலையிடத்தில் அவர் விரலில் யாருக்கோ போட்ட ஊசி குத்தியது. 72 மணி நேரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது. அதனால் மூன்று மாதம் முடிந்ததும் அவருக்கு மறுபடி பரிசோதனை. அதுவரை ஆணுறை. குழந்தைப் பேச்சு அப்புறம்தான்.